ஒரே ஆன்டெனா, மூன்று ரீடிங்

டெல்டாவின் பழைய வீடுகள் அகலம் குறைந்தவை, நீளம் கூடியவை. அமெச்சூர் ரேடியோக்காரர் வீட்டில், தெருப்பக்கத்து அறையில் ரிக், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ, இருக்கும். ஆன்டெனாவுக்கு இடம் கொல்லையில்தான் கிடைக்கும். கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி என்று எல்லாவற்றையும் தாண்டிக் கேபிள் 30 மீட்டர் ஓடிவிடும். அப்படி ஒரு வீட்டில் 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, ஓர் இன்வெர்ட்டட் வீ (நடுவை உயர்த்தி இரு கைகளையும் சரித்துக் கட்டும் கம்பி ஆன்டெனா) கட்டி, ஆர்ஜி-58 கேபிளில் (நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள 50 ஓம் கோஆக்ஸ் கேபிள்) இறக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 வாட்டில் ரிக்கின் சொந்த மீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3 என்று காட்டுகிறது; அனுப்பிய பவரில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. அதே மேஜையில் வெளியே மாட்டிய மீட்டர் 50 வாட்டில் 1.8 காட்டுகிறது. கையடக்க ஆன்டெனா அளவுக் கருவியான நானோவிஎன்ஏவைக் கொல்லைக்கு எடுத்துப்போய் ஆன்டெனாவின் ஃபீட் பாயின்ட்டிலேயே, அதாவது கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்திலேயே, மாட்டினால் 2.1 வருகிறது.

இவற்றில் எது சரி என்று கேட்பவர்கள் பலர். 2.1 சரி, 1.8-உம் சரி. 1.3-க்கு மட்டும் தனிக் காரணம் உண்டு. எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணை ஆன்டெனாவின் மேல் ஒட்டிய விலைச்சீட்டு போலப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. அந்த எண் ஓர் இடத்தில், ஒரு கருவியால், ஒரு பவரில் எடுத்த அளவு. இந்த மூன்றையும் சொல்லாமல் ‘எனக்கு 1.2 வருது’ என்றால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது.

மேஜை மேல் இருக்கும் மீட்டர் எஸ்.டபிள்யூ.ஆரை நேரடியாக அளப்பதில்லை. ஆன்டெனாவை நோக்கிப் போகும் பவரையும் திரும்பி வரும் பவரையும் தனித்தனியே பிரித்தெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்காக அந்த எண்ணைத் தருகிறது. திரும்பும் பவரைப் போகும் பவரால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் பிரதிபலிப்புக் கெழு கிடைக்கும். ஒன்றுடன் அதைக் கூட்டி, ஒன்றிலிருந்து அதைக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 100 வாட் போய் 4 வாட் திரும்பினால் 1.5. 11 வாட் திரும்பினால் 2. 25 வாட் திரும்பினால் 3. இந்த மூன்று ஜோடியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவை எல்லாம் இவற்றின் நடுவே வந்து உட்கார்ந்துவிடும்.

கேபிள் தின்னும் பவர்

இழப்பே இல்லாத கேபிளாக இருந்தால் அதன் எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே எண்தான் வர வேண்டும். கையில் இருக்கும் கேபிள் அப்படிப்பட்டதல்ல. போகும் அலை ஆன்டெனாவைச் சேர்வதற்குள் கொஞ்சம் தேய்கிறது. அங்கிருந்து திரும்பும் அலை மீட்டரை அடைவதற்குள் இன்னொரு முறை தேய்கிறது. மீட்டரின் கண்ணுக்குத் திரும்பும் பவர் குறைவாகத் தெரிவதால் எண்ணும் அழகாகிவிடுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 சுமார் 1 டெசிபெல் தின்னும் (டெசிபெல் என்பது பவர் விகிதத்தைச் சொல்லும் அளவு; 3 டெசிபெல் குறைந்தால் பவர் பாதியாகும்). ஆன்டெனாவில் 2.1 என்றால், திரும்பும் அலை போகும் அலையைவிட 9 டெசிபெல் கீழே இருக்கிறது. போக 1, வர 1 என்று இரண்டைச் சேர்த்தால் மேஜையில் 11 டெசிபெல். அதற்குரிய எண் 1.8. கொல்லையில் 2.1, அறையில் 1.8 என்ற வித்தியாசம் இப்படிச் சில்லறை பாக்கியில்லாமல் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

7 மெகாஹெர்ட்ஸில் இது சின்ன விஷயம். 2 மீட்டர் பேண்டுக்குப் போனால் இதே விஷயம் ஆளை ஏமாற்றும். 145 மெகாஹெர்ட்ஸில் அந்த 30 மீட்டர் ஆர்ஜி-58 ஏறத்தாழ 6 டெசிபெல் தின்றுவிடும். மாடியில் இருக்கும் ஆன்டெனாவின் உண்மையான எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்று கொள்ளுங்கள். கீழே மீட்டர் 1.3 காட்டும். பார்ப்பவர் திருப்தியாக இருப்பார். ரிக் கொடுக்கும் 50 வாட்டில் ஆன்டெனாவிலிருந்து வெளியேறுவது 10 வாட்டுக்கும் குறைவு. அதே இடத்தில், அதே பழுதான ஆன்டெனாவுக்கு 2.5 டெசிபெல் மட்டும் இழக்கும் ஆர்ஜி-213 கேபிளைப் போட்டால் கீழே மீட்டர் 1.8 காட்டும். எண் மோசமாகியிருக்கிறது, காற்றில் போகும் பவரோ 23 வாட்டுக்கு ஏறியிருக்கிறது. நல்ல கேபிள் மாற்றிய பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். ஏறிவிட்டது என்று கடைக்காரரிடம் கேபிளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள், போகுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கேபிள் உண்மையைக் காட்டியிருக்கிறது.

இதன் எல்லை வரை போனால் இன்னும் தெளிவாகும். 6 டெசிபெல் தின்னும் அந்தக் கேபிளின் மேல் முனையிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றியே விட்டாலும் கீழே 1.7-க்குப் பக்கத்தில்தான் காட்டும். ஆன்டெனாவே இல்லாமல் 1.7!

இந்தக் குணத்தையே ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். கேபிளின் ஆன்டெனா முனையைக் கழற்றித் திறந்து விட்டுவிட்டு, அறைப்பக்க முனையில் நானோவிஎன்ஏவால் அளக்க வேண்டும். ரிக்கால் இதைச் செய்யக் கூடாது. திறந்த முனைக்குள் பவர் கொடுத்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்கு ஆபத்து. திரையில் ரிட்டர்ன் லாஸ் (திரும்பும் அலை போகும் அலையைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்பது) எத்தனை டெசிபெல் என்று பார்த்து, அதைப் பாதியாக்கினால் கேபிளின் ஒருவழி இழப்பு கிடைத்துவிடும். இந்தச் சோதனையில் எஸ்.டபிள்யூ.ஆர். எண் பெரிதாக இருப்பதுதான் நல்லது. 7 மெகாஹெர்ட்ஸில் ஆரோக்கியமான 30 மீட்டர் ஆர்ஜி-58 எட்டு, ஒன்பது என்று காட்ட வேண்டும். 3 காட்டினால் ஒருவழியிலேயே 3 டெசிபெல், அதாவது பாதிப் பவர், கேபிளுக்குள் வெப்பமாகப் போகிறது என்று பொருள்.

அப்படியானால் கொல்லையில் இருக்கும் அந்த 2.1 பெரிய குற்றமா? இல்லை. 1 டெசிபெல் இழப்புள்ள கேபிளில் 2.1 எஸ்.டபிள்யூ.ஆர். கூடுதலாகச் சேர்க்கும் இழப்பு சுமார் 0.2 டெசிபெல்தான். எதிர்முனையில் கேட்பவரின் காதுக்கு அது தெரியவே தெரியாது. திரும்பி வரும் பவர் முழுவதும் வீணாகிறது என்பது தவறான எண்ணம். அதன் பெரும்பகுதி ரிக் பக்கத்து மேட்சிங்கில் மறுபடி பிரதிபலித்து ஆன்டெனாவுக்கே போய்ச் சேரும். ரிக் தன்னைக் காத்துக்கொள்ளப் பவரைக் குறைக்கிறதா என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். பல ரிக்குகள் 2-ஐத் தாண்டும்போது குறைக்கத் தொடங்கும்.

டிவி கேபிளை ஓட்டுபவர்களுக்கு

ஆர்ஜி-6 இல்லாத தெரு கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கிடையாது. விலை குறைவு, இழப்பும் ஆர்ஜி-58-ஐவிடக் குறைவு. அதை ஆன்டெனாவுக்கு ஓட்டுவதில் தவறே இல்லை. அது 75 ஓம் கேபிள், மேஜை மேல் இருப்பது 50 ஓம் மீட்டர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மீட்டர் கேபிளின் குணத்தை அறியாது. தன் முனையில் தெரியும் எதிர்ப்பை 50-உடன் ஒப்பிட மட்டுமே அதற்குத் தெரியும்.

ஆன்டெனா சரியாக 50 ஓம் என்றால் 75 ஓம் கேபிளுக்குள் ஓடும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5. கேபிள் மின்நீளத்தில் (கேபிளுக்குள் அலை மெதுவாக ஓடுவதையும் கணக்கில் சேர்த்த நீளத்தில்) அரை அலையாக இருந்தால் ஆன்டெனாவின் 50 ஓம் அப்படியே கீழே வரும், மீட்டர் 1.0 காட்டும். கால் அலையாக இருந்தால் அதே 50 ஓம் கீழே 112.5 ஓமாக மாறி நிற்கும், மீட்டர் 2.25 காட்டும். ஆன்டெனாவில் ஒரு அங்குலம்கூட மாறவில்லை, கேபிளின் நீளம் மட்டுமே மாறியது. நேராகக் கட்டிய டைபோல் (நடுவில் கேபிள் இணையும், இரு சமக் கைகள் கொண்ட கம்பி ஆன்டெனா), 73 ஓம் அளவில் இருக்கும்போது, கேபிளுக்குள் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறத்தாழ 1.0. மீட்டரோ எந்த நீளத்திலும் 1.5 என்றே சொல்லும். அந்த 1.5-ஐக் குறைக்கக் கம்பியை வெட்டிக்கொண்டே போனால் ஆன்டெனாதான் கெடும்.

ஃபோம் உள்ள ஆர்ஜி-6-இல் அலை ஒளியின் வேகத்தில் 0.82 முதல் 0.85 பங்கு வரை ஓடும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை என்பது சுமார் 17.5 மீட்டர், அதன் இரு மடங்கு 35 மீட்டர். கொல்லை வரை போக 30 மீட்டர் தேவையென்றால் 35 மீட்டராகவே வெட்டி, மிச்சத்தைச் சுருட்டி வைப்பது நல்ல வழி. அலுமினியப் பின்னலில் ஈயம் ஒட்டாது. எஃப் கனெக்டரை அழுத்திப் பொருத்தி, அதிலிருந்து அடாப்டர் வழியாகப் போக வேண்டும்.

கேபிளைத் தொட்டதும் மாறும் ரீடிங்

ரீடிங் வித்தியாசங்களில் மிக அதிகமாகத் தொல்லை தருவது இதுதான், மிகக் குறைவாகச் சந்தேகிக்கப்படுவதும் இதுதான். டைபோல் இரு பக்கமும் சமமான ஆன்டெனா. கோஆக்ஸ் கேபிள் அப்படியல்ல. இரண்டையும் நேரே இணைத்தால், பின்னலின் வெளிப்பரப்பு டைபோலின் மூன்றாவது கை ஆகிவிடுகிறது. கூடத்தைத் தாண்டி, ஜன்னல் கம்பியை உரசி, ரிக்கின் எர்த் வரை ஓடும் முழு நீளமும் ஆன்டெனாவின் பகுதியாகிவிடும். அப்போது கேபிளை ஒரு மீட்டர் தள்ளிப் போட்டாலும், இடையில் ஒரு பேட்ச் கேபிள் சேர்த்தாலும், ரிக்கின் எர்த்தைக் கழற்றினாலும் எண் மாறும். நானோவிஎன்ஏவைக் கையில் பிடித்துக்கொண்டு ஃபீட் பாயின்ட்டில் அளக்கும்போது வருவது ஒரு எண், அதே ஆன்டெனா முழு நீளக் கேபிளுடன் தரும் எண் வேறாக இருப்பதற்கும் இதுவே காரணமாகலாம். முதலில் அந்த மூன்றாவது கை இல்லை, இரண்டாவதில் இருக்கிறது.

சோதனை எளிது. அதே 50 ஓம் கேபிளில் 2 மீட்டர் துண்டு ஒன்றை மீட்டருக்கும் பெரிய கேபிளுக்கும் நடுவே சேருங்கள். 1.8 இருந்த இடத்தில் 1.75 வந்தால் அது கேபிள் இழப்பு, விட்டுவிடலாம். 1.4 அல்லது 2.3 என்று தாவினால் பின்னலின் வெளிப்பக்கத்தில் மின்னோட்டம் இருப்பதாகவே முதலில் சந்தேகப்பட வேண்டும். குறைந்த பவரில் கேபிளின் மேலுறையைக் கையால் இறுகப் பிடித்தபோது முள் நகர்ந்தால் சந்தேகமே தேவையில்லை.

மருந்து, ஃபீட் பாயின்ட்டில் ஒரு சோக், அதாவது பின்னலின் வெளிப்பக்க மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள். 61 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள 31 ரக ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58-ஐ 12 சுற்று சுற்றினால் 40 மீட்டர் பேண்டுக்குத் தாராளம். வளையம் கிடைக்காவிட்டால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் 12 சுற்று நெருக்கமாகச் சுற்றலாம். 4 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கேபிள் பிடிக்கும். அது தரும் தூண்டல் சுமார் 15 மைக்ரோஹென்றி, 7.1 மெகாஹெர்ட்ஸில் 700 ஓம் அளவுக்குத் தடை. சுற்றுகளை வரிசையாக அடுக்க வேண்டும். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று படும்படி கயிறுபோல் சுருட்டிக் கட்டினால், சுற்றுகளுக்கிடையிலான கொள்ளளவு வேலையைக் கெடுத்துவிடும். பைப் சோக்கில் ஒரு குறையும் உண்டு. அதன் தடை முழுக்கத் தூண்டல் தன்மை கொண்டது. பின்னலின் நீளம் அதற்கு எதிர்த்தன்மை கொண்டதாக அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஃபெரைட்டில் எதிர்ப்புத் தன்மையும் சேர்ந்திருப்பதால் அந்தச் சிக்கல் வராது. கையில் காசிருந்தால் ஃபெரைட்டையே வாங்குங்கள்.

சோக் போட்ட பிறகு எண் ஏறவும் கூடும். மூன்றாவது கையோடு சேர்ந்து 1.2 காட்டிய ஆன்டெனா, அதை வெட்டியதும் தன் உண்மையான 1.6-ஐக் காட்டும். இனி கம்பியின் நீளத்தைத் திருத்தலாம், இப்போதுதான் திருத்தத்துக்கு அர்த்தம் இருக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு மொத்தம் 20.14 மீட்டர், ஒரு கைக்கு 10.07 என்பது தொடக்கக் கணக்கு. ஒரு கைக்கு 30 சென்டிமீட்டர் அதிகமாக விட்டுத் தொடங்கி, இரு பக்கமும் சமமாகக் குறையுங்கள். கைக்கு 10 சென்டிமீட்டர் குறைத்தால் ஒத்ததிர்வு (ஆன்டெனா இயல்பாக இசையும் அலைவரிசை) சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். வெட்டாமல் மடித்துத் திருகி வைத்தாலும் இதே பலன் கிடைக்கும்.

அந்த 1.3 எங்கிருந்து வந்தது

பெரும்பாலான மீட்டர்களுக்குள் இருப்பது வாரன் புரூன் 1959-இல் விளக்கி எழுதிய வகைச் சுற்று, அல்லது அதன் உறவினர். எடுத்த சாம்பிளை நேர்மின்னாக்க டயோடு உண்டு. ஜெர்மானியம் டயோடு கடத்தத் தொடங்கவே 0.2, 0.3 வோல்ட் கேட்கும். 5 வாட் போய் அரை வாட் திரும்பும்போது, திரும்பும் பக்கத்து டயோடுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதில் பெரும்பகுதியை டயோடே வைத்துக்கொண்டுவிடும். முள் உண்மையைவிடக் கீழே நிற்கும். அதனால் குறைந்த பவரில் எல்லா ஆன்டெனாவும் நல்ல ஆன்டெனாவாகத் தெரியும். ரிக்கின் உள் மீட்டரில் நாலைந்து கட்டங்கள்தான் இருக்கும். ரிக்குக்கு ஆபத்து உண்டா என்று சொல்வதற்காக வைத்தது அது, 1.3-ஐயும் 1.6-ஐயும் பிரித்துச் சொல்ல வைத்ததல்ல.

இரண்டாவது குறை, போகும் அலையையும் வரும் அலையையும் மீட்டரால் முழுமையாகப் பிரிக்க முடியாதது. போகும் அலையில் ஒரு துளி வரும் பக்கத்துக்குள் கசியும். இந்தப் பிரிக்கும் திறன் 20 டெசிபெல் உள்ள மீட்டரில் உண்மையான 1.5 என்பது, கசிவு கூடுகிறதா கழிகிறதா என்பதைப் பொறுத்து, 1.2 முதல் 1.9 வரை எதுவாகவும் தெரியலாம். 25 டெசிபெல் என்றால் 1.3 முதல் 1.7 வரை. இரண்டு நண்பர்கள் இரண்டு மீட்டரை வைத்துக்கொண்டு 1.3-ஆ 1.7-ஆ என்று வாதாடினால் இருவரும் ஒரே உண்மையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மீட்டரைச் சோதிக்க வீட்டிலேயே டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) கட்டலாம். 1 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் இருபதை இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே இணையாக வைத்து ஈயம் பற்றவைத்தால் 50 ஓம், 40 வாட். கார்பன் அல்லது மெட்டல் ஃபிலிம் ரகமாக இருக்க வேண்டும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் தானே ஒரு காயில் என்பதால் கூடாது. கால்களை மிகக் குட்டையாக வெட்டுங்கள். பத்து ரெசிஸ்டர் கொண்ட இன்னொன்று 100 ஓம். நாற்பது கொண்டது 25 ஓம். 50 ஓமில் மீட்டர் 1.1-க்குள் காட்ட வேண்டும். 100-இலும் 25-இலும் 2.0 வர வேண்டும். ஒன்றில் 1.6, இன்னொன்றில் 2.4 என்று வந்தால் கசிவுதான் காரணம். இந்தச் சோதனை எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகளுக்கு நம்பகமானது. 145 மெகாஹெர்ட்ஸில் ரெசிஸ்டரின் கால்களே கணக்கில் சேர்ந்துவிடும். எச்எஃப்புக்கென்று செய்த மீட்டரையும் அங்கே நம்பக் கூடாது.

அளக்கும்போது சிங்கிள் சைட்பேண்ட் என்ற குரல் முறையில் ‘ஹலோ’ சொல்லிக்கொண்டு பார்ப்பது வீண். முள் எட்டுமுன் குரல் இறங்கிவிடும். காலியான இடத்தைக் கேட்டு உறுதிசெய்து, கால் சைன் (உங்கள் நிலையத்தின் அடையாளப் பெயர்) சொல்லி, எஃப்எம் அல்லது சிடபிள்யூவில் (மோர்ஸ் முறை) நிலையான கேரியர் கொடுங்கள். டியூனர் (ரிக்குக்கு 50 ஓமாகத் தெரியும்படி சரிசெய்யும் பெட்டி) வைத்திருப்பவர்கள், மீட்டர் டியூனருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரிக்குக்கும் டியூனருக்கும் நடுவே காட்டும் 1.0 டியூனரின் வெற்றி. கேபிளில் ஓடுவது பழைய எண்ணேதான்.

நானோவிஎன்ஏவிலும் பிழை உண்டு. 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரேயடியாக காலிப்ரேட் செய்துவிட்டு 7 மெகாஹெர்ட்ஸை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் 101 புள்ளிகளில் ஒன்றுகூட அந்தப் பகுதியில் விழுந்திருக்காது. 6 முதல் 8 வரை என்று வைத்து, அடாப்டர்களையெல்லாம் மாட்டி, அவற்றின் கடைசி முனையில் ஓபன், ஷார்ட், லோட் என்ற மூன்று காலிப்ரேஷன்களையும் புதிதாகச் செய்யுங்கள். இணைக்குமுன் ஆன்டெனாவின் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒரு கணம் தொடவைத்து நிலைமின்சாரத்தை இறக்குங்கள். காற்றும் இடியும் உள்ள நாளில் இதைத் தவறவிட்டால் கருவியே போய்விடும். டயோடு டிடெக்டர் கொண்ட பழைய வகை அனலைசரில் வேறு தொல்லை. மத்திய அலை ஒலிபரப்பிக்குப் பக்கத்தில் நீளமான கம்பி, தன் சமிக்ஞையைவிட வானொலியின் சமிக்ஞையை அதிகமாக உள்ளே கொண்டுவரும். அனலைசரின் சொந்த அலையை நிறுத்தியும் முள் நின்ற இடத்தில் நின்றால் அது வானொலியை அளக்கிறது.

தண்ணீர் வந்த வயலும் வறண்ட வயலும்

கால் அலை வெர்ட்டிகலை (செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவை) வயலோரம் நட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. குறையற்ற தரையில் அதன் எதிர்ப்பு 36 ஓம், எஸ்.டபிள்யூ.ஆர். 1.4. சித்திரை, வைகாசியில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, அடியிலிருந்து தரையில் பரப்பும் ரேடியல் கம்பிகள் நாலைந்துதான் என்றால், தரை இழப்பாக 14 ஓம் சேரலாம். மொத்தம் 50. மீட்டர் 1.0 என்று சொல்லும், பவரில் 28 சதவீதம் மண்ணைச் சூடாக்கும். சம்பாவுக்குத் தண்ணீர் கட்டிய பிறகு அந்த இழப்பு 4 ஓமாகக் குறைந்தால் மொத்தம் 40, மீட்டர் 1.25, பவரில் 90 சதவீதம் காற்றுக்கு. எண் ஏறியதைப் பார்த்து ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ரேடியல்களைக் கூட்டினால் வருஷம் முழுக்க 1.3, 1.4 என்றே நிற்கும். அதுதான் நல்ல அடையாளம்.

தாழக் கட்டிய டைபோலிலும் ஈரத்துக்கேற்ப ஒத்ததிர்வு சற்று அசையும். நுனிகளைத் தென்னையில் கட்டியிருந்தால், மட்டை உரசும் நுனியில்தான் மின்னழுத்தம் உச்சம். காற்றடிக்கும்போது எண் ஊசலாடினால் கனெக்டரைக் கழற்றுமுன் மட்டையைப் பாருங்கள். மரத்துக்கும் கம்பி நுனிக்கும் நடுவே இரண்டு மீட்டர் நைலான் கயிறு இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எண் மெல்ல மெல்ல நல்லதாகிக்கொண்டே போவது கெட்ட செய்தி. பேண்டின் இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் ஒரே மாதிரி 1.4 காட்டினால் பின்னலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். கனெக்டரை முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றி, அதன் மேல் இன்சுலேஷன் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் மடிப்பு கீழ்நோக்கி இருக்கும்படி சுற்ற வேண்டும். காடி வாசனை வரும் சிலிகான் பசை செம்பை அரிக்கும், அதைத் தவிருங்கள். கேபிள் சுவருக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும்.

மழைக்கு முன், புரட்டாசியில், திறந்த முனைச் சோதனையை ஒருமுறை செய்து, தேதி, அலைவரிசை, கருவி, அளந்த இடம், எண் ஐந்தையும் நோட்டில் எழுதிவையுங்கள். தை பிறந்ததும் அதே கருவியால் அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். முன்பு எஸ்.டபிள்யூ.ஆர். 8.5 காட்டிய கேபிள் இப்போது 5 காட்டினால், முதலில் வெட்டிப் பார்க்க வேண்டியது கொல்லைப்பக்கத்துக் கடைசி ஒரு முழம். பின்னல் கறுத்திருந்தால், செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டிக்கொண்டே போகலாம்.